ஓரத்தில் நின்றவர் முகம் ஏன் சிவந்தது?

தோட்டத்துத் திருவிழா முடிந்தால் எல்லாரும் கூடி நின்று ஒரு படம் பிடிக்காமல் கலைவோமா? சென்ற ஆண்டு என் தங்கை மகன் அப்படி ஒரு படம் பிடித்தான். டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் கேமரா. அதில், பட்டணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த அவன் தாத்தாவின் 21 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸ். நடுவில் நின்றவர்கள் பளிச்சென்று விழுந்தார்கள். ஓரத்துப் பெரியவர்கள் முகத்திலோ இருள். ஒரு பக்கம் செந்நிறம் வேறு. லென்ஸ் கெட்டுவிட்டது, விற்றுவிடப் போகிறேன் என்றான். விற்காதே என்றேன்.

ரேஞ்ச்பைண்டர் கேமராவில் பார்ப்பதற்குத் தனிச் சன்னல் உண்டு. உள்ளே எழும்பித் தாழும் கண்ணாடி கிடையாது. ஆகவே லென்ஸின் பின்புறம் பிலிமுக்கு வெகு அருகில் வரலாம். லுட்விக் பெர்ட்டலே 1950களில் அமைத்த பியோகோன் அப்படிப்பட்டது. முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அமைப்பு என்பதால் நேர்த்தூண் நேராகவே விழும். மூலைக்குப் போகும் ஒளி மட்டும் மிகவும் சாய்ந்து போகும். பிலிம் அதைப் பெரிதுபடுத்தாது.

டிஜிட்டல் சில்லு அப்படியல்ல. நம் பால் மரத்து மங்கை நினைத்துக்கொள்ளுங்கள். (மழை மங்கில் விழுந்தால் பால் பாழ், அது வேறு கதை.) நேர்மழை மங்குக்குள் விழும், சாய்மழை விளிம்பில் பட்டுத் தெறிக்கும். சில்லிலும் கோடிக்கணக்கான குட்டி மங்குகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என ஒரு நிறம். சாய்ந்த ஒளி சுவரில் பட்டால் இருள். பக்கத்து மங்குக்குள் நழுவினால் நிறக்கோளாறு.

2004இல் எப்சன் ஆர்-டி1, 2006இல் லைக்கா எம்8 ஆகியவை வந்தன. இரண்டிலும் சில்லு பிலிமைவிடச் சிறியது. மூலைத் தொல்லை குறைந்தது. ஆனால் எம்8இல் 21 மி.மீ. லென்ஸ் 28 அளவுக்கே பார்க்கும். ஓரத்தில் நிற்பவர் படத்திலேயே இருக்கமாட்டார்! 2009இல் எம்9 முழு அளவுச் சில்லோடு வந்தபோது, ஒவ்வொரு மங்கின் மேலுள்ள குட்டி லென்ஸையும் ஓரங்களில் நடுப்பக்கமாகச் சற்று நகர்த்தி வைத்தார்கள். அப்படியும் சில பழைய லென்ஸ்களோடு நிறம் கெட்டது.

மறுவழி, லென்ஸையே மாற்றி அமைப்பது. ஒளி பின்புறம் நிமிர்ந்து வெளியேறும்படி செய்யலாம். அதற்கு லென்ஸ் நீளும், கனக்கும், சன்னலின் மூலையையும் மறைக்கும். ஜப்பானின் கொசினா நிறுவனம் 1999இல் விட்ட 15 மி.மீ. ஹீலியாரை 2015இல் அப்படித்தான் திருத்தி வெளியிட்டது. விலை கேட்டால் நமக்கு மயக்கமே வரும்.

தங்கை மகனுக்கு நான் சொன்னது செலவில்லாத வழி. அதே லென்ஸால் வெள்ளைத் தாளை ஓரம் முதல் ஓரம் வரை படமெடுத்து, கணினியில் அதை வைத்துத் திருவிழாப் படத்தின் இருளையும் நிறத்தையும் கழிக்கச் சொன்னேன். அவனுக்குப் பொறுமையில்லை, கறுப்பு வெள்ளையாக்கிவிட்டான். செந்நிறம் போயிற்று. மூலை இன்னும் இருட்டுத்தான், ஆனால் ஓரத்தில் நின்ற பெரியப்பாவை அடையாளம் தெரிகிறது.