எண்ணெய்ப் பிசுக்கு

"எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணெய் ஒழுகுகிறதே?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, என் பையனையும் அவன் கையிலிருந்த நீராவி எஞ்சினையும் பள்ளிக்கூடக் கண்காட்சியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லப் போவதில்லை. எந்தப் பள்ளிக்கூடமாயிருந்தாலும் அநேகமாக இதைத்தான் செய்திருக்கும். நெருப்பு இருக்கிறது, பாய்லர் இருக்கிறது, குழந்தைகள் கூடுகிற இடம், பயமாயிருக்கிறது என்று சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். அது நியாயமான பயம். அவர்கள் சொன்னது அதுவல்ல. மேஜை விரிப்பில் கறை படியுமாம்! போதாக்குறைக்கு, "கடையிலே பாட்டரி எஞ்சின் கிடைக்கிறதே, ஸார். புகைகூட விடுகிறதே. அதை வாங்கிக் கொடுத்தால் என்ன?" என்று எனக்கு ஒரு யோசனையும் சொன்னார்கள். கறையை மன்னித்திருப்பேன். இந்த யோசனையை மன்னிக்க முடியவில்லை.

அந்த எஞ்சின் எங்கள் அனகாபுத்தூரில், எங்கள் தெருவிலேயே பிறந்தது. ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கைக்குட்டைத் துணி நெய்து அனுப்பிய ஊர் இது. இன்று வாழை நாரிலும் சேலை நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். தறியின் சத்தம் மாறினால், எந்த மூலையில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லக்கூடிய கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒருவர் தறியை விட்டு லேத்துக்குப் போய், முப்பது வருஷம் இரும்பு கடைந்துவிட்டு, இப்போது வீட்டுத் திண்ணையில் ஒரு சின்ன லேத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். தெருவுக்கே அவர் மாஸ்டர். தண்டவாள அகலம் ஒன்றே முக்கால் அங்குலம் உள்ள அந்த எஞ்சினை அவர்தான் செய்தார். நானும் பையனும் அரம் பிடித்தோம். பாதி நேரம் இடைஞ்சலாயிருந்தோம்.

பாய்லர் முடிந்தது, சக்கரம் முடிந்தது. எங்களை ஆட்டி வைத்தது ஒரு கட்டைவிரல் அளவுப் பித்தளைக் கிண்ணம். லூப்ரிகேட்டர் என்று பெயர். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓயாமல் முன்னும் பின்னும் போய் வருகிறது. அங்கே கையை விட்டு எண்ணெய் போட முடியாது. போகிற நீராவியோடுதான் எண்ணெயையும் அனுப்ப வேண்டும். அதுவும் தேங்காயெண்ணெய், மெஷின் எண்ணெய் எல்லாம் நிற்காது. பாகு மாதிரி கெட்டியான, கொழுப்புக் கலந்த எண்ணெய் வேண்டும் (சைவ வாசகர்கள் மன்னிக்க!), அதுதான் ஈரமான உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கிண்ணத்தில் எண்ணெயை நிரப்பி மூடியைத் திருகிவிட வேண்டியது. நீராவிக் குழாயிலிருந்து ஓர் ஊசித் துவாரம் வழியாகக் கொஞ்சம் ஆவி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்கிறது. குளிர்ந்து ஒரு சொட்டுத் தண்ணீராகிறது. தண்ணீர் கனம், எண்ணெய் லேசு. தண்ணீர் அடியில் போய் உட்காருகிறது. இடம் போதாமல் ஒரு சொட்டு எண்ணெய் மேலே எழும்பி, அதே துவாரத்தின் வழியாக நீராவியோடு புறப்பட்டுப் போகிறது. பம்பும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. 1860-ல் இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் பெரிய எஞ்சின்களுக்குச் செய்த ஏற்பாடும் இந்தத் தத்துவந்தான்.

சொல்வதற்கு எவ்வளவு சுலபம்! முதல் கிண்ணத்தில் துவாரம் ஒரு மில்லிமீட்டர். ஐந்தே நிமிஷத்தில் எண்ணெய் முழுவதும் சிலிண்டர் வழியாகப் புகைபோக்கிக்கு வந்து, அங்கிருந்து என் வேஷ்டிக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது கிண்ணத்தில் துவாரம் அடைத்துக்கொண்டது. எஞ்சின் முனகிக்கொண்டே நின்றுவிட்டது. மூன்றாவதில் அரை மில்லிமீட்டர். கால் மணி நேரம் ஓடி நின்றதும் மாஸ்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்தார். சுத்தமான தண்ணீர் சொட்டியது. "தண்ணி வந்திருக்கு, ஸார். அப்போ எண்ணெய் போயிருக்கு" என்றார். என் பையன் அந்தத் தண்ணீரை விரலில் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஆவி குளிர்ந்தால் நீராகும், எண்ணெய் நீரில் மிதக்கும் என்று அவனுடைய பாடப் புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் இருக்கிறது. அதில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். அன்றைக்குத்தான் நம்பினான்.

இந்தப் பையனைத்தான் பாட்டரி எஞ்சின் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பெரியவர்களே அந்த விளையாட்டில்தான் இருக்கிறார்கள். 2023 அக்டோபர் 31-ம் தேதி குஜராத்தில் ஏக்தா நகருக்கும் அகமதாபாத்துக்கும் இடையே ஒரு பாரம்பரிய ரயிலைத் தொடங்கி வைத்தார்கள். முகத்தைப் பார்த்தால் நீராவி எஞ்சின். உள்ளே இருப்பது மின்சாரம். அதற்கு ஒரு சொட்டு நீராவி எண்ணெயாவது வேண்டுமோ? வேண்டாம். "ஜனங்கள் பார்த்து சந்தோஷப்படுகிறார்கள், உனக்கென்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மின்சாரத்தின்மீது எனக்கு விரோதம் கிடையாது. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறித்தான் நான் பட்டணத்துக்குப் போகிறேன். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டது 1931-ல். நீராவி எஞ்சின்களுக்கு நடுவிலேதான் அது ஓடியது. அதற்காக அதன் தலையில் யாராவது பொய்ப் புகைபோக்கி வைத்தார்களா? மின்சார ரயில் மின்சார ரயிலாகவே மானத்தோடு ஓடியது.

கை வராமல் பொம்மை செய்கிறார்கள் என்றாலும் அனுதாபப்படலாம். 1855-ல் லீட்ஸ் நகரத்தில் செய்த ஈ.ஐ.ஆர். 21 எஞ்சின் நூறு வருஷத்துக்குமேல் காட்சிப் பொருளாக நின்றுவிட்டது. அதை 2010-ல் மறுபடியும் ஓட வைத்தது பெரம்பூர்த் தொழிற்சாலை. நீலகிரி மலை ரயிலுக்கு, இருப்புப் பாதையில் ஓட இரண்டு சிலிண்டர், பல்பாதையில் ஏற இரண்டு சிலிண்டர், ஆக நான்கு சிலிண்டர் கொண்ட எக்ஸ் வகுப்பு எஞ்சின்களை, இந்த நூற்றாண்டிலே, 2011 முதல், புதிதாகச் செய்து கொடுத்தது திருச்சிப் பொன்மலைப் பணிமனை. நான்கு சிலிண்டருக்கும் எண்ணெய் போய்ச் சேர வேண்டும், ஐயா! அதைச் செய்து காட்டிய கைகள் நம்மிடமே இருக்கின்றன.

எண்ணெய் போடுகிறவனைக் கீழாகப் பார்ப்பது உலகத்துக்கே வழக்கந்தான் போலிருக்கிறது. எலைஜா மக்காய் என்று ஒருவர். அமெரிக்காவின் அடிமைத்தனத்திலிருந்து கனடாவுக்குத் தப்பியோடியவர்களின் மகன். ஸ்காட்லாந்தில் எஞ்சினீயரிங் கற்றுத் திரும்பியவருக்கு, கறுப்பர் என்பதால், மிஷிகனில் ஒரு ரயில் கம்பெனி கொடுத்த வேலை கரி தள்ளுவதும் எண்ணெய் விடுவதும். 1872-ல் எஞ்சினுக்குத் தானே எண்ணெய் விட்டுக்கொள்ளும் கருவிக்கு அவர் காப்புரிமை வாங்கினார். எண்ணெய்க் கறையை வேண்டாமென்று சொன்னவர்களின் பெயர் எனக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் 1898-ல் தொடங்கிய 'மாடல் எஞ்சினீயர்' என்ற பத்திரிகையில், எல்.பி.எஸ்.ஸி. என்ற புனைபெயரில் ஒருவர் பல வருஷங்கள் இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்களைப் பற்றியே எழுதினார். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் வீட்டிலேயே எஞ்சின் செய்தார்கள். என் தொடர்கதைகளைப் படித்து இதுவரை யாரும் எதுவும் செய்ததாகத் தகவல் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டு வாசலில் தண்டவாளம் போட்டு எஞ்சினை ஓட்டினோம். தெருக் குழந்தைகள் முப்பது பேருக்குக் குறையாது. புகைபோக்கியிலிருந்து இன்னமும் லேசாகத் தெறிக்கிறது. துவாரத்தை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கலாமா என்று மாஸ்டருக்கு யோசனை. அடுத்த ஞாயிறும் ஓட்டுகிறோம். அந்தப் பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக் குழுவினர் அவசியம் வரவேண்டும் என்று கடிதம் போட்டிருக்கிறேன். வெள்ளைச் சட்டையில் வரவேண்டாம் என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறேன்.