விரிசலை நீங்க வைக்கலைன்னா, கான்கிரீட்டே வச்சுக்கும்!

ரொம்ப நாளா மண்டைக்குள்ள கொதிச்சுக்கிட்டு இருக்கிற மேட்டரு. இன்னிக்குக் கொட்டிடறேன். பொட்டி தட்டுற மக்களே, "இது சிவில் ஆளுங்க சமாச்சாரம்"னு ஓடிடாதீங்க. காசு உங்களோடது.

தெருவுக்குத் தெரு இப்ப சிமெண்ட் ரோடு. போட்டு ஒரு வருஷம் ஆகல, குறுக்கால கோடு கோடா வெடிப்பு. உடனே டீக்கடையில தீர்ப்பு ரெடி: "சிமெண்ட்டைத் தின்னுட்டான்யா!" தின்னிருக்கலாம், இல்லைங்கல. ஆனா ஒரு மூட்டை குறையாம சுத்தபத்தமா கலந்து போட்டாலும் அந்த ரோடு வெடிக்கத்தான் செய்யும். ஏன்னா அதுல ஜாயிண்டே கிடையாது!

சின்ன கணக்கு. கான்கிரீட் காயக் காயச் சுருங்கும். ஐ.எஸ். 456 தோராயமா எடுத்துக்கச் சொல்ற அளவு 0.0003. அதாவது 30 மீட்டருக்கு 9 மில்லிமீட்டர். அப்புறம் வெயில். ஒரு டிகிரி சூடு ஏறினா மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.01 மி.மீ. நீளும். 20 டிகிரி ஏறினா அதே 30 மீட்டர் 6 மி.மீ. நீளப் பார்க்கும். கான்கிரீட்டை அமுக்கினா யானை. இழுத்தா அந்த பலத்துல பத்துல ஒரு பங்குதான். அது சுருங்கப் பார்க்குது, அடியில தரை விடமாட்டேங்குது. கிழியாம என்ன செய்யும்?

வெடிக்கறதைத் தடுக்க முடியாது. எங்க வெடிக்கணும்னு நாம சொல்லலாம். ஜாயிண்ட்னா அம்புட்டுதான்.

1. சுருக்க ஜாயிண்ட்: கனத்துல நாலுல ஒரு பங்குலேர்ந்து மூணுல ஒரு பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. 6 இஞ்ச் ரோடுன்னா 12-லேர்ந்து 15 அடிக்கு ஒண்ணு. வெடிப்பு அந்த வெட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கும். ஆனா போட்ட அன்னிக்கோ மறுநாளோ வெட்டணும். பத்து நாள் கழிச்சு மெஷினைத் தூக்கிட்டு வர்றது, பொணத்துக்கு ஊசி போடற கதை.

2. விரிவு ஜாயிண்ட்: முழு ஆழத்துக்கும் இடைவெளி. நடுவுல அமுங்கிக்கொடுக்கிற ஃபில்லர் போர்டு. கட்டடம் 45 மீட்டருக்கு மேல நீண்டா பொதுவா இது வேணும்னு அதே ஐ.எஸ். 456 சொல்லுது.

3. தனிப்படுத்துற ஜாயிண்ட்: வீட்டுச் சுவர், கரண்ட் கம்பம், பாதாள சாக்கடை மூடி, எதையும் ரோடு கட்டிப்பிடிக்கக் கூடாது. சதுர மூடியோட மூலையிலேர்ந்து சாய்வா ஓடற விரிசலைப் பார்த்திருப்பீங்களே? இது இல்லாததோட கையெழுத்து அது.

இதைவிடக் கொடுமை, இருக்கிற ஜாயிண்டையும் "அசிங்கமா இருக்கு"ன்னு சிமெண்ட் வச்சு அடைக்கறது. விரியறதுக்கு விட்ட இடத்துல கல்லை வச்சா ஓரம் நொறுங்கும். அங்க போட வேண்டியது ரப்பர் கணக்கா இழுபடற சீலன்ட். பாலிசல்ஃபைடு, பாலியூரித்தேன், சிலிக்கோன்னு இருக்கு. அதுலயும் அடியில நுரைக்கயிறு (பேக்கர் ராடு) வைக்காம ஊத்தினா, மூணு பக்கமும் ஒட்டிக்கிட்டு இழுபட முடியாம கிழிஞ்சிடும். ரெண்டு பக்கம் மட்டும்தான் ஒட்டணும்.

இப்ப வழக்கமான வக்கீல்கள் வருவாங்க.

"ஜாயிண்ட் விட்டா தண்ணி இறங்குமே?" சீலன்ட் போட்ட நேர்க்கோட்டுல இறங்குமா, எங்க போகுதுன்னே தெரியாத வெடிப்புல இறங்குமா?

"கம்பி போட்டிருக்கோம் சார்!" கம்பி வெடிப்பை நிறுத்தாது, மெல்லிசா பிடிச்சு வைக்கும். கம்பியை மட்டும் நம்பி ஜாயிண்ட் இல்லாம போடற ரோடு உலகத்துல உண்டு. அதுக்குக் கணக்குப் போட்டு நிறைய கம்பி வைக்கணும். நீங்க தூவின கம்பி அதுல சேர்த்தி இல்லை.

"ரயில் தண்டவாளத்தையே இடைவெளி இல்லாம ஒட்ட வச்சுட்டாங்களே?" அது இரும்புங்க, இழுத்தாலும் தாங்கும். கிளிப்பும் ஸ்லீப்பரும் ஜல்லியும் இறுக்கிப் பிடிச்சிருக்கு. அதுக்கும் கோடியில விரியற ஜாயிண்ட் உண்டு.

என் கோபம் வெறும் கோட்டுக்காக இல்லை மக்கா. வெடிச்ச ரோட்டைப் பேக்காம, அதுக்கு மேலயே இன்னொரு 6 இஞ்ச் போடறாங்க. ரெண்டு தடவை போட்டா ஒரு அடி. வாசப்படி பள்ளமாயிடுது, மழைத்தண்ணி நடுக்கூடத்துக்கு வருது. கடன் வாங்கிக் கட்டின ஓட்டு வீட்டுக்காரர் என்ன செய்வார்? வீட்டைத் தூக்கி வைக்கிற வசதி அவருக்கு ஏது? ஒரு வெட்டு மெஷினோட ஒரு நாள் வாடகையை மிச்சம் பிடிச்சதுக்கு, அந்தத் தெருவே வட்டி கட்டுது.

அதனால அடுத்த தடவை உங்க தெருவுல கலவை மெஷின் வந்து நின்னா, "எத்தனை மூட்டை?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "எத்தனை அடிக்கு ஒரு ஜாயிண்ட்? என்னிக்கு வெட்டுவீங்க? எங்க சுவரோரம் என்ன வைப்பீங்க?" இந்த மூணையும் கேளுங்க. பதில் வரலைன்னா, கலவையை ஊத்தறதுக்கு முன்னாடியே நிறுத்துங்க. ஊத்தினப்புறம் கத்தினா தொண்டைதான் வலிக்கும்.

டிஸ்கி: "எங்க வீட்டு மொட்டை மாடி ஓடு கைப்பிடிச் சுவரோரம் தூக்கிட்டு நிக்குது"ன்னு பின்னூட்டம் போடப்போறவங்களுக்கு: சுவரோரம் இடைவெளி விட்டாங்களான்னு மொதல்ல போய்ப் பாருங்க :-)