எழுத்தாளர் வகுப்பறைக்கு வரும்போது

பள்ளிக்கு எழுத்தாளர் ஒருவரை அழைப்பதென்றால் நம்மிடையே முதலில் தேடப்படுவது பொன்னாடை, அடுத்தது ஒலிபெருக்கி. வரவேற்புரை, வாழ்த்துரை, அறிமுகவுரை என முக்கால் மணி நேரம் கழிந்தபின், ‘நேரமின்மை கருதி’ என்னும் வேண்டுகோளோடு விருந்தினரிடம் மேடை ஒப்படைக்கப்படும். அவரும் நூல்கள் பல கற்குமாறு அறிவுறுத்தி விடைபெறுவார். எழுத்து எங்கிருந்து பிறக்கிறது என்பது மட்டும் பேசப்படாமலே போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் எழுத்தாள நண்பர் ஒருவருடன் கல்வராயன் மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே மலையேறும் பாதை அது. அங்குப் பயில்வோரில் மிகுதியானோர் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். (பெயர் கேட்டுக் கேரளத்தாரென எண்ணிவிடலாகாது, அவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள்.) நண்பர் மேடையை மறுத்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளோடு பெஞ்சில் அமர்ந்து, “சென்ற விடுமுறையில் வீட்டில் யார் என்ன பேசினார்கள்?” என்று மட்டும் வினவினார். நெடுநேரம் அமைதி. பின்னர் ஒருவன் சாமை அறுப்பைச் சொன்னான். ஒருத்தி கடுக்காய் பொறுக்கச் சென்ற பாட்டியைச் சொன்னாள். காஞ்சியிலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பி மூவர் கதையும் வந்தது. “இதை இப்படியே எழுதுங்கள்” என்றார் நண்பர்.

அப்போது மாணவியொருத்தி எழுந்தாள்: “ஐயா, வீட்ல பேசறமாதிரி எழுதினா மார்க்கு கொறைச்சிடுவாங்களே?”

நண்பர் விடை கூறாமல் நம்மைப் பார்த்தார். ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும் கை நம்முடையதன்றோ! பிழை வேறு, வழக்கு வேறு என்று ஏதோ கூறிச் சமாளித்தோம். அவள் அமர்ந்த விதத்திலேயே அது விடையாகவில்லை என்பது விளங்கிற்று.

அவள் அச்சம் பொருளற்றதன்று. 2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ இடம்பெற்றது. கரிசல் வழக்கைப் பாடமாக நடத்துகிறோம். அதே மாணவன் தன்னூர் வழக்கில் ஒரு வரி எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கிறோம். பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாத அக்கி.ரா.வையே புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக்கிற்று என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

நம் சமுதாயத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் பயின்றவர். ஊரில் ஆங்கிலப் பள்ளி வருவதை எதிர்த்த முதலாளியின் கதையை, ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் அக்கடற்கரை முஸ்லிம்களின் பேச்சிலேயே எழுதினார். 1997இல் ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். இலக்கணச் சுத்தம் கோரி எவரேனும் அவர் கையைத் தடுத்திருந்தால் நமக்கு நேர்ந்திருக்கும் இழப்பு சிறிதன்று. கள்ளக்குறிச்சிக்கு அண்டையிலேயே, விருத்தாசலம் பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எழுதியவர் இமையம். அவருடைய ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வெளிவந்தபோது அவ்வட்டாரப் பேச்சு இலக்கியமாயிற்று.

கல்வராயன் மலையில் ஜாகீர் முறை ஒழிந்தது 1976இல்தான். அம்மலையின் கதையை வெளியார் எழுதியிருக்கின்றனர். அலுவலர் அறிக்கைகளும் உண்டு. அங்குப் பிறந்த பிள்ளை தன் பேச்சில் அதனை எழுத வேண்டுமாயின், எழுத்தாளர் ஒருநாள் விருந்தினராக வந்து செல்வது போதாது. பருவத்துக்கு மூன்று நாளேனும் வகுப்பிலிருக்க வேண்டும். தமிழாசிரியர் கடைசி பெஞ்சில் அமர்ந்து கேட்க வேண்டும். கட்டுரை வினாவில் வட்டார வழக்குக்கு மதிப்பெண் குறைத்தலாகாது என்பதைத் திருத்துவோருக்கு எழுத்திலேயே தெரிவித்தல் வேண்டும்.

அடுத்த முறை மலைக்குச் செல்கையில் பொன்னாடைக்குரிய தொகையில் கோடிட்ட நோட்டுகள் வாங்கிச் செல்வதென நம் துறைக் கூட்டத்தில் முன்மொழிந்துள்ளோம். அம்மாணவி இப்போது அங்கிருக்க மாட்டாள். அவளுக்குரிய விடையை அவள் தங்கையருக்கேனும் கூற வேண்டியிருக்கிறது.