அடியா அன்பின் அடையாளம்?

நமது சினிமாக் கதாசிரியர்களுக்குப் பெண்ணென்றால் இரண்டே வகை. வாய் திறந்து ஆசையைச் சொல்பவள் ஒருத்தி, அவள் அரக்கி. அடித்தவனையே ஆராதிப்பவள் மற்றொருத்தி, அவள் உத்தமி.

உதாரணம் வேண்டுமா? 1972-இல் வெளிவந்த ‘பட்டிக்காடா பட்டணமா’வில் படித்த மனைவியைக் கணவன் அடக்குகிறான், அடங்கிய பின்னரே அவளுக்கு இன்ப வாழ்வு. 1989-இல் வந்த ‘புதிய பாதை’யில், தன்னைக் கெடுத்த ரௌடியையே தேடிவந்து மணக்கிறாள் ஒரு பெண். இரண்டுக்கும் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது! 1999-இன் ‘படையப்பா’வில் தானே ஒருவனை விரும்பிய நீலாம்பரியோ, 18 ஆண்டுகள் அறைக்குள் அடைந்து கிடந்து, முடிவில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மாள்கிறாள். அவள் கொடுமைகள் செய்தாள் என்பீர்கள். விரும்பிக் கேட்கும் துணிவுள்ளவளைக் கொடியவளாகவே படைப்பானேன் என்பதன்றோ நம் கேள்வி?

“துன்பத்தில் இன்பம் காண்பது பெண்ணின் இயற்கை” என்பார் சிலர். 1924-இல் பிராய்டு அவ்வியல்புக்குப் பெண்மையின் பெயரையே சூட்டினார். 1935-இல் காரென் ஹார்னி என்ற பெண் மருத்துவர், அதில் சமூகத்தின் கை எவ்வளவு என்று பாருங்கள் என மறுத்தெழுதினார். நாம் மேனாடு வரை போவானேன்? வெள்ளிவீதியார் தம் காதலைத் தாமே பாடிய மொழியன்றோ நம்முடையது!

நிற்க. சுங்கை பஞ்சாங் முதல் கோலசிலாங்கூர் வரையுள்ள தோழர்களே! 1941-இல் இதே சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள் ஒன்று யாது? வெள்ளைத் துரைகளும் கறுப்புத் துரைகளும் நம் பெண்களைத் தொல்லை செய்வது ஒழிய வேண்டும் என்பது. அப்போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் கொடுத்தோரும் உண்டு. அன்று துரை செய்தால் கொடுமை. இன்று கதாநாயகன் செய்தால் காதலா?

முன்பு திடலில் கட்டிய வெள்ளைத் திரை. இன்று கைக்குள் கைப்பேசி. பாடம் மாறவில்லை. 1994-இல் இயற்றப்பெற்று 1996-இல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் அடிபடும் பெண்ணுக்குப் பாதுகாப்பு ஆணை தருகிறது. ஆனால் அடியை அன்பென்று நம்பும்படி பழக்கப்பட்டவள் காவல் நிலையத்தின் படியேறுவாளா?

படங்களைத் தடை செய்யுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கைதட்டலை நிறுத்துங்கள் என்கிறோம். பெண் தன் ஆசையைச் சொல்லவும், வேண்டாமென்று மறுக்கவும், இரண்டிற்குப் பின்னும் உயிரோடும் மானத்தோடும் வாழவும் இடமுள்ள கதையைக் கேளுங்கள். காசு கொடுப்பவர் நாம். கேட்கும் உரிமையும் நமதே.