பெட்டியின் மேல் யார் படம்?

சிவகாசிப் பட்டாசுப் பெட்டியின் லேபிளில் சாமி இருக்கும், நடிகை இருப்பார், கொழுகொழு குழந்தை சிரிக்கும். திரி வைத்த பெண்ணின் முகம் இருக்காது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையைப் பார்த்தபோது எனக்கு அந்த லேபிள்தான் ஞாபகம் வந்தது. 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' பாடல்களை முன்வைத்த அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அவற்றை எழுதிய அறிவு இல்லை. பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், நாமும் இணையத்தில் கத்தினோம், பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை போட்டார்கள். அடுத்த ஆண்டு செஸ் ஒலிம்பியாட் தொடக்க மேடையில் அதே பாட்டு ஒலித்தது, அறிவு இல்லாமல். 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த வள்ளியம்மாள் பாட்டியின் கதையிலிருந்து வந்த பாட்டு அது. கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள்.

அறிவு வந்த இடம் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் பள்ளி மைதானம். நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்த்த 19 பேர். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பெயர். சபாக்கள் நிரம்பும் சென்னையில் சேரிப் பாட்டுக்கென்று ஒரு கூட்டத்தை அவர்கள் உண்டாக்கினார்கள். சின்ன வேலையா அது?

எதிர்ப்புக் கலைஞர்கள் புகழுக்கும் பணத்துக்கும் அலையலாமா என்று கேட்கும் தோழர்கள் நம்மிடமே உண்டு. தாராளமாக அலையட்டும் என்பேன். டிரம்ஸுக்கும் வாடகை உண்டு, கானா பாடகருக்கும் வீடு உண்டு. வெற்றி வரும்போது உரிமை யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எனக்குக் கவலை. 'இண்டிபென்டென்ட்' என்று பெயர் வைத்துவிட்டால் ஒப்பந்தம் தானாக நியாயமாகிவிடாது. பாட்டு வெளிவரும் முன்பே பங்கு எழுத்தில் இருக்க வேண்டும், மேடைக்குப் பின்னால் பறை அடிப்பவருக்கும் சேர்த்து.

இன்னொன்று. எங்கள் விருதுநகர் பக்கம் கோயில் பொங்கலுக்கும் கல்யாண வீட்டுக்கும் குழாய் கட்டினால் என்ன ஓடுகிறது? ஆண்ட பரம்பரைப் பாட்டு. அருவா, சிங்கம், வம்சம். எந்தப் பத்திரிகை அட்டையும் இல்லாமல் அந்தப் பாட்டுகள் ரசிகர்களைச் சேர்த்துவிட்டன, சவுண்ட் சர்வீஸ்காரரின் பென்டிரைவ் வழியாக. பத்தாவது படிக்கும் பையனின் காதில் முதலில் விழுவது அதுதான். நம் பாட்டு அவனுக்கு யூடியூப் தேடலில் கிடைத்தால் உண்டு.

மார்கழியில் மக்களிசை மதுரை வரை வந்தது. அங்கிருந்து விருதுநகர் ஒரு மணி நேர பஸ். சாத்தூரிலோ திருத்தங்கலிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடை போடுங்கள், ஆலைக்கு விடுமுறை நாள். டிக்கெட் ஐம்பது ரூபாய் வையுங்கள். இலவசம் வேண்டாம், வாரச் சம்பளத்தில் வாங்கிய டிக்கெட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. உள்ளூர்ப் பறைக் குழுவுக்குச் சென்னைக் குழுவின் அதே எழுத்தளவில் போஸ்டரில் பெயர் போடுங்கள். அச்சடிக்க வெளியூர் போக வேண்டாம், சிவகாசியில் பிரஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. பென்டிரைவ்களும் கொண்டு வாருங்கள், சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.