பழைய லெப்டொப்பை ஒதுக்க முன் ஒரு வரியை வாசியுங்கள்

"பழசு சேர், இனி சரிவராது. புதுசொண்டு எடுங்க."

எமது ஊரில் ஒரு லெப்டொப்பின் கதையை முடிக்க இந்த ஒரு வசனம் போதும். திறந்து பார்ப்பதில்லை, சோதிப்பதில்லை. அடுத்த வாரமே வாப்பா கடன் கேட்டு அலைவார், உம்மாவின் காப்பு அடகுக்குப் போகும். பிள்ளையின் படிப்பு என்றால் எந்தக் குடும்பம்தான் மறுக்கும்?

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 இன்டெல் சிப்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. அதனால் பலர் பழைய மெஷினில் லினக்ஸ் போடுகிறார்கள். நல்ல முடிவு. ஆனால் போட்ட பிறகு யூடியூப் பாடம் விக்கி விக்கி ஓடுகிறது, பக்கத்தை நகர்த்தினால் இழுபடுகிறது, விசிறி இரைகிறது. உடனே இரண்டு தீர்ப்புகள் வருகின்றன: "லினக்ஸ் சரியில்லை", "மெஷின் பழசு".

இரண்டுமே விசாரிக்காமல் கொடுத்த தீர்ப்பு என்கிறோம் நாம்.

திரையில் படம் கீறுவது கிராபிக்ஸ் சிப்பின் வேலை. அதற்குரிய டிரைவர் இயங்காவிட்டால் லினக்ஸ் பெரும்பாலும் நின்றுவிடாது. அந்த வேலையையும் பிரதான புரொசசரின் தலையில் போட்டுவிடும். சித்திர ஆசிரியர் வெளியே சும்மா நிற்க, அதிபரே வகுப்பு வகுப்பாக ஓடிப் படம் கீறினால் பாடசாலை எப்படி நடக்கும்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். உபுண்டுவில் செட்டிங்ஸின் அபௌட் பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் என்ற வரியை வாசியுங்கள். இன்டெல், ஏஎம்டி என்று சிப்பின் பெயர் இருந்தால் நல்லது. "எல்எல்விஎம்பைப்" என்று இருந்தால் சிப் சும்மா இருக்கிறது, புரொசசர்தான் கீறுகிறது.

ஏன் இப்படி ஆகிறது? அடிக்கடி நடப்பது இது. இன்ஸ்டோல் செய்யும்போது திரை கறுத்துவிடும். "சேஃப் கிராபிக்ஸ்" என்பதைத் தெரிவு செய்வார்கள். அது "நோமோட்செட்" என்ற சொல்லைச் சேர்த்து கிராபிக்ஸ் டிரைவரைத் தடுக்கிறது. அது தற்காலிக ஊன்றுகோல். சிலர் அதையே கிரப் அமைப்பில் நிரந்தரமாக எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லை அழித்து, கிரப்பைப் புதுப்பித்து, மீண்டும் இயக்கினால் பல மெஷின்கள் எழுந்து நடக்கும்.

ஏஎம்டி சிப் என்றால் ஃபர்ம்வெயார் பொதியும் வேண்டும். 2023இல் வந்த டெபியன் 12க்கு முன்னர் வழமையான இன்ஸ்டோலரில் அது இருக்கவில்லை. பலர் அது இல்லாமலே ஓட்டிவிட்டு மெஷினைத் திட்டினார்கள்.

வீடியோ தனிக் கதை. இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் சிப்களுக்கு எச்.264 தெரியும், யூடியூப் அதிகம் அனுப்பும் விபி9 தெரியாது. பிரவுசரில் எச்264இஃபை என்ற சிறு நீட்சியைப் போட்டால் யூடியூப் சிப்புக்குத் தெரிந்த வடிவில் அனுப்பும். நான்காம் தலைமுறை வரைக்கும் ஐ965 என்ற வீடியோ டிரைவரைப் போட வேண்டும். புதிய இன்டெல் டிரைவர் ஐந்திலிருந்துதான். ஃபயர்ஃபொக்ஸ் 2023இல் வந்த 115ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸில் இன்டெல் சிப் வழி வீடியோவைத் தானாகவே இயக்குகிறது.

"பழைய சிப்பை இனி யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 2022இல் மெசா தனது பழைய டிரைவர்களைப் பிரதான தொகுப்பிலிருந்து நீக்கியது உண்மை. ஆனால் நான்காம் தலைமுறைக் கோர் வரையான பழைய இன்டெல் சிப்களுக்கென்றே குரோகஸ் என்ற புதிய டிரைவர் அதற்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. டிரைவரின் மூலநிரல் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. என்விடியாவோ தன் மூடிய டிரைவரில் 340 வரிசையை 2019உடனும், 390 வரிசையை 2022உடனும் கைவிட்டது. அங்கே நுவோ என்ற திறந்த டிரைவரை நம்ப வேண்டும்; வேகம் குறையலாம். மெஷின் பழுதானது வேறு, கம்பனி கைவிட்டது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பெற்றோரிடம் பணம் கேட்பது நியாயமல்ல.

எல்லா மெஷினும் பிழைக்கும் என்று நாம் சொல்லவில்லை. ரெம் 2 ஜிபி மட்டும் இருந்தால், ஹார்ட் டிஸ்க் தேய்ந்திருந்தால், கிராபிக்ஸ் டிரைவரால் அவற்றைச் சரிசெய்ய முடியாது. அப்போதும் ரெம்மையோ டிஸ்க்கையோ மாற்ற முடியுமா என்று பார்த்த பிறகுதான் புதியதைப் பற்றிப் பேச வேண்டும்.

பெற்றோரே, யாராவது "புதுசு எடுங்க" என்றால், "கிராபிக்ஸ் வரியில் என்ன பெயர் இருக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் சொல்லி லெப்டொப்பை ஒதுக்காதீர்கள்.

கணினி தெரிந்த எமது பழைய மாணவர்களே, ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். ஒரு வீட்டின் காப்பு அடகுக் கடைக்குப் போகாமல் இருக்க அது போதும். உங்கள் வீட்டில் ஒதுக்கிவைத்த லெப்டொப் இருந்தால் அந்த வரியை வாசித்து கொமெண்டில் எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம்.