உள்தாழ்ப்பாள்

ராஜகுளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், சென்ற மாதம் ஓர் இரவு, ஊர் அடங்கித் தெருவிளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மட்டும் விழித்திருந்த வேளையில், அங்கன்வாடியில் வேலை பார்க்கும் என் உறவுக்காரப் பெண், குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்தபடியே, பக்கத்தில் கிடந்த கைப்பேசியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பத்தரை. காலை ஏழு மணிக்குள் குழந்தைகளின் எடைப் பட்டியல் வந்து சேரவேண்டுமென்று மேலிடத்திலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஓர் உத்தரவு. அதன் கீழே 'சரிங்க மேடம்', 'சரிங்க மேடம்' என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதில்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தச் சிறு யந்திரம் தரையில் ஒருமுறை உறுமிற்று.

"அதை நிறுத்தி வைக்கக் கூடாதா அம்மா?" என்றேன்.

"சத்தத்தை நிறுத்தலாம் மாமா. யாரு பார்த்தாங்க, யாரு பார்க்கலன்னு எடுத்துப் பார்ப்பாங்களே, அதுக்கு என்ன பண்றது? குரூப்ப விட்டு வெளிய வந்தாலும் அட்மினுக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.

அட்மின் யார் என்று நான் கேட்கவில்லை. அந்த மேடமேதான்.

அவள் சொன்ன பதில், முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன் சென்னையில் நான் படித்த காலத்து ஓர் அறையை என் நினைவுக்குக் கொண்டுவந்தது. ஒரே ஒரு கணினி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிரூட்டப்பட்டு வீற்றிருக்க, அதனுடன் இணைந்த பத்துப் பன்னிரண்டு டெர்மினல்களின் முன் நாங்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்போம். திரையில் படம் கிடையாது, சுட்டி கிடையாது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்தும், துடித்துக்கொண்டிருக்கும் ஒரு கர்சரும்தான். 'ஹூ' என்று தட்டினால் அந்தச் சமயத்தில் கணினிக்குள் இருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். 'ரைட்' என்று தட்டி நண்பனின் பெயரையும் கொடுத்தால், அறையின் மறுமூலையில் அவனுடைய திரையில், இன்னாரிடமிருந்து, இந்த டெர்மினலிலிருந்து, இத்தனை மணிக்குச் செய்தி என்ற தலைப்பு விழுந்து, நான் என்டர் விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு வரியாகப் போய்ச் சேரும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிற இன்றைய வழக்கத்தை நாங்கள் அன்றே அங்கே பழகிக்கொண்டோம்.

அந்தக் கணினியை இயக்கிய யூனிக்ஸ் என்ற இயங்குதளம் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோரால் 1969-இல் தொடங்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளிவந்த அதன் முதற் கையேட்டிலேயே 'ரைட்' என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் நான் இன்று வியப்பது அந்தக் கட்டளையை அன்று; அதே கையேட்டில், அதே வருஷத்தில், அதற்குத் துணையாக வைக்கப்பட்ட 'மெஸ்ஜ்' என்ற இன்னொரு கட்டளையை. அதைத் தட்டி, பக்கத்தில் 'என்' என்ற ஓரெழுத்தைச் சேர்த்துவிட்டால், என் திரைமீது எழுதுவதற்குப் பிறருக்கு இருந்த அனுமதி நீங்கிவிடும். 'ஒய்' என்று தட்டினால் திரும்பக் கிடைக்கும். ஒருவன் பேசுவதற்கு ஒரு கருவியைச் செய்தவர்கள், அதைச் செய்த கையோடு, மற்றவன் கேளாதிருப்பதற்கும் ஒரு கருவியைச் செய்தார்கள் என்பதே இங்கு விசேஷம்.

அதன் உள்வேலை மிக எளிது. யூனிக்ஸில் ஒவ்வொருவருடைய டெர்மினலும் ஒரு கோப்பாகவே பாவிக்கப்படுகிறது. அந்தக் கோப்பில் பிறர் எழுதலாமா கூடாதா என்ற அனுமதிக் குறியை மாற்றுவதைத் தவிர 'மெஸ்ஜ்' வேறொன்றும் செய்வதில்லை. அதாவது, வீட்டுக்காரனே உள்ளிருந்து போடுகிற தாழ்ப்பாள் அது.

பரீட்சைக்கு முந்தின ஒரு மாலையில், எழுதிக்கொண்டிருந்த புரோகிராமின் நட்டநடுவே 'டீ குடிக்க வர்றியா' என்ற வரி வந்து விழுந்து திரையைக் குழப்பியதில் சினந்து, நான் முதன்முதலாக அந்தத் தாழ்ப்பாளைப் போட்டேன். மறுமுறை எழுத முயன்ற நண்பனுக்கு அனுமதி இல்லை என்ற பதில் அவன் திரையிலேயே கிடைத்தது. அவன் கோபிக்கவில்லை, எழுந்து வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் சற்று நேரம் நின்று, நான் தலை நிமிர்ந்த பிறகு, "முடிச்சிட்டு வா, கேன்டீன்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்றைய கைப்பேசிகளிலும் ஓசையை அடக்கும் வசதி உண்டே, குழுவை ஒதுக்கி வைக்கும் வசதியும் உண்டே என்று வாசகர் கேட்கலாம். உண்டு, ஆனால் இரண்டுக்குமுள்ள பேதம் பெரிது. நான் ஓசையை அடக்கினால், அது அனுப்புகிறவருக்குத் தெரியாது; அவர் அனுப்புவார், செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு கோடுகளும் விழும், அதோடு அவருடைய பொறுப்பு தீர்ந்தது; பார்க்காத குற்றம் முழுவதும் என் தலையில் ஏறும். 'மெஸ்ஜ்' போட்ட தாழ்ப்பாளோ அனுப்புகிறவனுடைய முகத்துக்கு நேரே, அவன் தொடங்கும்போதே, இப்போது வழியில்லை என்று சொல்லிவிடுகிறது. 'ஹூ' கட்டளையைச் சற்று மாற்றித் தட்டினால், கதவு திறந்திருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறியும், சாத்தியிருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் கழித்தல் குறியும் பட்டியலிலேயே தெரியும். ஆகவே வேறு வழி தேடவேண்டிய சிரமம் அனுப்புகிறவனைச் சார்ந்தது. அவசரமில்லாவிட்டால் அவன் மின்னஞ்சல் எழுதி வைப்பான், அவசரமானால் எழுந்து வருவான். ஓசையை அடக்குவது தூங்குவதுபோல் பாசாங்கு செய்வது. தாழ்ப்பாள் போடுவது 'நான் தூங்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுத் தூங்குவது.

பேசும் முறைமைக்கும் அந்தக் கையேட்டில் ஒரு யோசனை உண்டு. முதலில் அழைப்பவர், மற்றவர் பதிலுக்கு எழுதும் வரையில் விஷயத்தைத் தொடங்காமல் காத்திருக்கவேண்டும். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் ஓர் 'ஓ' இட்டால், இனி உன் முறை என்று பொருள். இரண்டு 'ஓ' இட்டால், விடைபெறுகிறேன் என்று பொருள். காவல்துறை வயர்லெஸ்ஸில் 'ஓவர்' என்று கேட்கிறோமே, அதே சம்பிரதாயம்தான். இன்றைய குழுக்களில் ஆரம்பிக்கத்தான் வழியிருக்கிறதேயன்றி, முடித்துக்கொள்ள ஒரு வழியும் இல்லை.

அப்படியானால் ஊருக்கே ஆபத்து வரும்போது என்ன செய்வது? அதற்கும் பின்னாளில் 'வால்' என்றொரு கட்டளை வந்தது. எல்லோருக்கும் எழுது என்பதன் சுருக்கமாகிய அந்தப் பெயர், ஆங்கிலத்தில் சுவர் என்றும் பொருள்படுவது ஒரு பொருத்தம். கணினியை இன்னும் ஐந்து நிமிஷத்தில் நிறுத்தப்போகிறோம், வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கை அந்த வழியாகத்தான் எங்கள் திரைகளில் வரும். சாதாரணப் பயனாளி 'வால்' இட்டால் அது திறந்த கதவுகளுக்குள் மட்டுமே செல்லும். தாழ்ப்பாளைத் தாண்டிச் செல்லும் அதிகாரம், கணினியின் பரிபாலனத்துக்குப் பொறுப்பேற்ற 'ரூட்' ஒருவருக்கே உண்டு. 2023-இல் நம்முடைய கைப்பேசிகளெல்லாம் பேரிடர் எச்சரிக்கை ஒத்திகையில் ஒரே சமயத்தில் அலறினவே, அது இந்த வகை. வெள்ளத்துக்காக என் தாழ்ப்பாளை உடைக்கலாம். எடைப் பட்டியலுக்காக உடைக்கக் கூடாது.

சுவரில் எழுதி எல்லோருக்கும் அறிவிப்பது எங்கள் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், முப்பது குடும்புகளாகப் பிரிந்த ஊர், குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அங்கே கல்லில் வெட்டப்பட்டன. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தச் சபையின் தீர்மானம் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. ஊர் முழுவதற்கும் பேசுகிற வாக்கு தன் பெயரையும் காலத்தையும் தன்மேலேயே தாங்கி நிற்கவேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அந்த நியதி அற்றுப்போனால் என்ன நேரும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கைப்பேசிக்குக் கைப்பேசி பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வத்தைக் கும்பிடச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைத் தாக்கியது; குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்த வதந்திக்கு ஊர் இல்லை, பெயர் இல்லை, நாள் இல்லை. இதுபோன்ற கொலைகள் நாட்டின் பல பாகங்களிலும் நடந்த பிறகே, அந்த வருஷம் ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் எல்லை வகுத்தது.

பழைய கருவிகள் மாசற்றவை என்று நான் வாதிக்கவில்லை. யூனிக்ஸை ஒத்த லினக்ஸில் வழங்கும் 'வால்' கட்டளையில், பிறர் திரையில் பொய்யான தோற்றங்களை உண்டாக்க இடம்கொடுக்கும் ஓர் ஓட்டை 2013 முதல் இருந்துவந்தது 2024-இல்தான் வெளிப்பட்டது. மேலும், ஒரே கணினியின் முன் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு மாணவர்கள் சமமானவர்கள். எனக்குச் சம்பளம் கொடுப்பவன் அந்த அறையில் இல்லை. தாழ்ப்பாள் போட்டதற்காக மறுநாள் என்னை விசாரிப்பார் யாருமில்லாததனால்தான் அது தாழ்ப்பாளாக இருந்தது.

ஆகையால் கருவி மட்டும் போதாது, விதியும் வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். பிரான்ஸ் தேசத்தில், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமை 2017 ஜனவரி முதல் சட்டமாக இருக்கிறது. நம் மக்களவையில் 2018-இல் சுப்ரியா சுலே அத்தகைய மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆயினும் இந்தத் தத்துவம் நமக்கு அந்நியமானதன்று. விளம்பரக்காரர்களின் அழைப்பு வேண்டாமென்றால் 1909 என்ற எண்ணுக்குச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளலாம். அதை மீறுவது விதிமீறல். வியாபாரிக்கு எதிராகக் குடிமகனுக்குத் தாழ்ப்பாள் கொடுத்த அரசு, தன் கீழ் வேலை செய்யும் அங்கன்வாடிப் பெண்ணுக்கு அதைக் கொடுக்கத் தயங்குவானேன்?

நான் கேட்பது அதிகமன்று. அலுவலகக் குழு ஒவ்வொன்றுக்கும் திறக்கும் நேரமும் சாத்தும் நேரமும் எழுத்தில் இருக்கட்டும். சாத்திய பின் எழுதத் தொடங்குகிற மேலதிகாரிக்கு, கதவு சாத்தியிருக்கிறது என்று அவர் கைப்பேசியே சொல்லட்டும். அந்நேரத்தில் பார்க்கவில்லையென்று யாரையும் கேள்வி கேட்கலாகாது என்று ஒரு சுற்றறிக்கை வரட்டும். என் நண்பன் செய்ததுபோல் எழுந்து நடந்து வரவேண்டுமென்றுகூடச் சொல்லவில்லை; விடியும் வரை காத்திருந்தால் போதும்.

அன்றிரவு குழந்தை தூங்கிய பிறகும் அவள் தூங்கவில்லை. திண்ணை விளக்கடியில் எடைப் பதிவேட்டைப் பிரித்து, ஒவ்வொரு பெயராகக் கைப்பேசியில் ஏற்றினாள். பதினொன்றே காலுக்கு அனுப்பினாள். உடனே இரண்டு கோடுகள் விழுந்தன. அவை நீலமாகவில்லை, மேடம் தூங்கப் போயிருந்தார்.